இரண்டாம் ஆட்டம் முடிந்து நடந்த தெருக்கள்

மார்ச் 14, 2024, வியாழன்

கோவையிலிருந்து வந்த ரயில் சென்ட்ரலில் நின்றபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. சாலையைக் கடந்து பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் திருவல்லிக்கேணியில் இறங்கிவிடலாம் என்று வழி நெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். நிலையத்தின் வாசல் வரை பெட்டியைத் தூக்கிச் சென்ற பிறகுதான், நான்காவது பாதை அமைக்கும் பணிக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்பது தெரிந்தது. "அது ஓடி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு சார்" என்று அங்கே வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். என்னைப்போல் நாளொன்றுக்கு எத்தனை பேருக்கு அவர் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதோ தெரியவில்லை.

ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்டு 220-க்கு இறங்கினார். நாங்கள் இங்கே வாழ்ந்த காலத்தில் பறக்கும் ரயிலே கிடையாது. 1995-இல்தான் அது சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. ஆகவே அது ஓடவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்குப் பெரிதாக உரிமை ஒன்றும் இல்லை. சென்ட்ரலிலிருந்து நடந்தே வந்த நாட்கள் பல உண்டு. ஆனால் அப்போது முழங்கால் வேறு.

நண்பன் காலையிலேயே பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, பிரம்மச்சாரிகளாக நாங்கள் அன்று தங்கியிருந்த விடுதியான மேன்ஷனின் வாசலில் காத்திருந்தான். மேன்ஷனில் அவன் பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. அங்கு எல்லாரும் ஊராலேயே அறியப்பட்டோம். அவன் தென்காசி, நான் பொள்ளாச்சி, மூன்றாமவன் சிவகங்கை. சிவகங்கை இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். இந்தப் பயணத்துக்கு வர முடியாத எரிச்சலில், நாங்கள் அனுப்பிய புகைப்படம் ஒவ்வொன்றிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துக் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

அதே கட்டடம்தான். முகப்பில் பளிங்குக் கற்கள் பதித்திருக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் எங்கள் இருவரின் ஆதார் அட்டைகளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஏ.சி. அறைக்கு நாளொன்றுக்கு 1,100 ரூபாய் என்றார். 1987 ஜூன் மாதம் நான் முதன்முதலாக இந்த மேசை முன் நின்றபோது, அன்றைய மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான்: "யார் சொல்லி வந்தீங்க?" பதில் திருப்தியாக இருந்ததால், மாதம் 120 ரூபாய் வாடகையில் ஒரு கட்டில் கிடைத்தது. அறை அல்ல, கட்டில்.

அந்தக் கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் மூன்று கட்டில்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகரப் பெட்டி. மின்விசிறி ஒன்றுதான், அது நடுக் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கியது. நடுக் கட்டில் மூத்த குடிக்கு உரியது என்பது எழுதப்படாத சட்டம். நான் பதினான்கு மாதங்கள் கதவோரக் கட்டிலில் கிடந்து, ஒருவர் திருமணமாகிப் போன பிறகே விசிறிக்கு அடியில் குடியேறினேன். எங்கள் அறைக்கு மேலே மொட்டை மாடி. பகல் முழுவதும் வாங்கிய வெயிலை அந்தத் தளம் இரவு எட்டு மணிக்குமேல் நிதானமாக உள்ளே இறக்கத் தொடங்கும். அது ஆறுவதற்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணியாகிவிடும். மூட்டைப்பூச்சியின் கதை தனி.

இளமையில் இரவெல்லாம் ஊர் சுற்றினோம் என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது அது பெரிய கொண்டாட்டம்போல அவர்கள் காதில் விழுகிறது. நானும் அதை மறுத்ததில்லை. உண்மையில் அறை ஆறும் வரை எங்காவது இருந்தாக வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் தெருவில் இருந்தோம். திருவல்லிக்கேணியின் ஆயிரக்கணக்கான பிரம்மச்சாரிகளுக்கும் அதே நிலைதான் என்பதால், நள்ளிரவிலும் தெருக்களில் டீக்கடைகள் இருந்தன. தேவை எங்களுடையது, வியாபாரம் அவர்களுடையது.

மாலையில் ரத்னா கஃபே. இட்லியை முழுகடித்துச் சாம்பார் ஊற்றும் வழக்கம் மாறவில்லை. வாளியோடு வருபவர், கிண்ணம் காலியாவதை நாம் கவனிக்கும் முன்பே கவனித்துவிடுகிறார். சாம்பாருக்குப் பெயர்போன இந்தக் கடையை 1948-இல் தொடங்கியவர் வடநாட்டிலிருந்து வந்தவர் என்று அன்றே கேள்விப்பட்டு, தென்காசி அதை நம்ப மறுத்துப் பந்தயம் கட்டித் தோற்றான். அந்தப் பந்தயப் பாக்கியான இரண்டு காபியை இன்று வசூலித்தேன்.

பிறகு இரவு முழுவதும் சுற்றுவதாகத் திட்டம். அறைக்குப் போய் முகம் கழுவிவிட்டுப் புறப்படலாம் என்று ஏ.சி.யைப் போட்டோம். விழித்தபோது விடிந்து ஆறரை.

மார்ச் 15, வெள்ளி

குழாய்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்கவில்லை. இது ஒன்று மட்டும் மாறாமல் இருப்பதில் தென்காசிக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

பகலில் வல்லப அக்ரஹாரம் தெரு, அக்பர் சாகிப் தெரு, பெரிய தெரு என்று நடந்தோம். மெஸ்களில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் காத்திருப்பது இன்றும் இருக்கிறது. நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில், எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் காதில் பொத்தானைச் செருகியபடி, இடக்கையில் கைப்பேசியைப் பிடித்து ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே ஏழு நிமிடத்தில் சாப்பாட்டை முடித்தார். போகும்போது மட்டும், என் இலைக்கருகே தண்ணீர்க் குவளை காலியாக இருப்பதைக் கண்டு நிரப்பி வைத்துவிட்டுப் போனார். அதுவரை மனத்துக்குள் அவரைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

பாரதி சாலையை எங்களுக்குப் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றுதான் தெரியும். நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் குறைந்திருக்கின்றன, ஆனால் அடியோடு போய்விடவில்லை. அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதியை 80 ரூபாய்க்கு வாங்கினேன். அது எனக்குத் தேவையே இல்லை. அந்தக் கடையருகே என் இடக்கால் செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஒரு காலை இழுத்துக்கொண்டு ஜாம் பஜார் வரை நடந்து, 40 ரூபாய் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். தைத்தவர் வலக்கால் செருப்பையும் கேட்டு வாங்கி, "இது இன்னும் ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் இதுவும் போகும்" என்று சொல்லி அதற்கும் இரண்டு தையல் போட்டார். கூடுதல் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ரம்ஜான் பிறந்து நான்காம் நாள் இது. சூரியன் சாயும் நேரத்தில் பெரிய பள்ளிவாசலுக்குப் போனோம். ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் இது. மரமும் இரும்பும் இல்லாமல் கருங்கல்லாலேயே எழுப்பியது என்பார்கள். கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகத்தை எழுதியவர் ஓர் இந்து. முன்னால் இருக்கும் பரந்த திடலில் காற்று தடையில்லாமல் வரும் என்பதால், எங்கள் மேன்ஷன்காரர்கள் பலருக்கு அதன் மதில் ஓரம்தான் மாலை நேர வரவேற்பறை. நோன்பு திறக்க வருவோருக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி மக்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்தவர்களின் வழியினர் தங்கள் கோயிலிலேயே சைவ உணவாகச் சமைத்து, ஆண்டுதோறும் ரம்ஜான் முழுவதும் இங்கே கொண்டுவருகிறார்கள். நாங்கள் இருந்த நாட்களிலேயே இந்த வழக்கம் உண்டு. தலையில் வெள்ளைத் தொப்பியுடன் பரிமாறுபவர்களைப் பள்ளிவாசல்காரர்கள் என்றே மூன்று ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இன்று தென்காசியிடம் ஒப்புக்கொண்டேன். தானும் அப்படித்தான் என்றான்.

அந்த ஆண்டுகளில் ரம்ஜான் கோடையில் வந்தது. 1988-இல் ஏப்ரல் நடுவில் தொடங்கி மே மாதத்தில் முடிந்தது. அறை அடுப்பாகக் கொதிக்கும் அதே வாரங்களில் வெளியே இரவு முழுவதும் தெரு விழித்திருந்தது என்றால் எங்களுக்கு அதைவிடப் பேறு வேறென்ன? தராவீஹ் எனும் ரம்ஜான் இரவுத் தொழுகை முடிந்ததும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை நெடுகத் துணிக்கடைகளிலும் அத்தர்க் கடைகளிலும் கூட்டம் நெரியும். நாங்கள் எதுவும் வாங்கியதில்லை. அத்தர்க் கடை அண்ணன் ஒருவர், நாங்கள் வாங்கமாட்டோம் என்று நன்றாகத் தெரிந்தும், பஞ்சில் ஒற்றி மணிக்கட்டில் தடவிவிடுவார். பின்னிரவில், நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹர் உணவுக்கு எழுப்புவதற்காகப் பக்கீர்கள் தப்ஸ் என்ற மேளம் அடித்துப் பாடியபடி சந்துகளில் போவார்கள். அந்த ஓசைதான் எங்களுக்கு உறங்கப் போவதற்கான மணி. அதற்குள் அறை ஆறியிருக்கும்.

இன்று இரவும் கடைகளில் கூட்டம் இருந்தது. சமோசா 15 ரூபாய், ரோஸ் மில்க் 40. வாங்குபவர்களில் பாதிப் பேர் இருசக்கர வண்டியில் முதுகுப் பெட்டியோடு வந்த உணவு விநியோக இளைஞர்கள். வாங்கியது தமக்காக அல்ல. ஒன்பதரை மணிக்குக் கடற்கரைக்கு நடந்தோம். கலைஞர் நினைவிடம் திறந்து மூன்று வாரம்கூட ஆகாததால் அந்தப் பக்கம் திருவிழாக் கூட்டம். நாங்கள் விலகி மணலில் போய் உட்கார்ந்தோம். பிறை மேற்கே கட்டடங்களுக்கு மேல் நின்றது. பத்து மணிக்கெல்லாம் போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் எல்லாரையும் கிளம்பச் சொல்லிவிட்டது. நாங்கள் இதே மணலில் துண்டை விரித்து விடிய விடியத் தூங்கியவர்கள். வார் தைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவர்களோடு எழுந்து நடந்தோம்.

மார்ச் 16, சனி

பிற்பகலில் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. அப்போது நாங்கள் ஒரு துணிக்கடையில் லுங்கி பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, இனிமேல் பணத்தை எடுத்துக்கொண்டு கொள்முதலுக்குப் போனால் வழியில் நிறுத்திக் கணக்குக் கேட்பார்கள் என்று நொந்துகொண்டார். அவருக்குப் பெருநாள் வியாபாரம் பாதியில் நிற்கிறது. லுங்கி 350 ரூபாய்க்குக் கேட்டு 320-க்குக் கிடைத்தது. தென்காசி அதற்கும் குறைத்துக் கேட்டிருக்கலாம் என்று இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

பெல்ஸ் ரோட்டில் சேப்பாக்கம் மைதானத்தைச் சுற்றி வந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஐ.பி.எல். தொடங்குகிறது, டிக்கெட் எல்லாம் கைப்பேசியில்தான். 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் போட்டிக்கு, அன்றாட டிக்கெட்டுக்காக இந்த நடைபாதையில் முந்தைய இரவே செய்தித்தாளை விரித்துப் படுத்தோம். தன் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர் ஹிர்வானி 136 ரன்கள் கொடுத்துப் பதினாறு விக்கெட் எடுத்தார். கிரண் மோரே பின்னால் நின்று ஸ்டம்பிங் மேல் ஸ்டம்பிங்காகச் செய்துகொண்டிருந்தார். கடைசி நாளான பொங்கலன்று நாங்கள் உள்ளே போகவில்லை. டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. மேன்ஷன் மாடியில் நின்று, மைதானத்தின் இரைச்சலை வைத்தே ஒவ்வொரு விக்கெட்டாக எண்ணினோம்.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் எம்.ஜி.ஆர். மறைந்திருந்தார். டிசம்பர் 24 அன்று விடிந்தபோது ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. மேன்ஷன்காரனுக்குக் கடை அடைப்பு என்றால் பட்டினி என்று பொருள். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது விதி. மூன்று பேருக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட் இருந்தது. மறுநாள் அடக்கம் முடிந்த இரவு, வெளியூர்களிலிருந்து வந்து களைத்தவர்கள் தெருவெங்கும் திண்ணைகளிலும் நடைபாதைகளிலும் படுத்திருந்தார்கள். வேலூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு முதியவர், தன் துணி மூட்டையை அவிழ்த்து எங்களுக்குப் புளிச்சோறு கொடுத்தார். "எனக்கு இறங்கல, நீங்க சாப்பிடுங்க தம்பி" என்றார். நான் சென்னையில் உண்டதில் இன்றும் நாவில் நிற்பது அந்தக் கைப்பிடிச் சோறுதான். அவருடைய துக்கத்துக்கு நடுவே அதை அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டோமே என்ற கூச்சமும் கூடவே நிற்கிறது.

இரவு, தேவி தியேட்டரில் கடைசிக் காட்சி. எங்களுக்கு அது செகண்ட் ஷோ. 1970-இல் திறந்த தேவி இன்னும் இருப்பதே பெரிய ஆறுதல்; சஃபையர், பாரகன், ஸ்டார், சாந்தி எதுவும் இல்லை. சஃபையரோடு இருந்த புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஏ.சி. குளிரில் ஒரே படத்தை இரண்டரை முறை பார்த்து, அல்லது பார்ப்பதாகப் பாவித்து உறங்கி, இரவுக்கான தூக்கத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் மேன்ஷனிலேயே பலர்.

இன்று பார்த்த படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாப்கார்னின் விலையைப் பார்த்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு மணிக்குப் படம் விட்டது. ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. வேண்டாம் என்று சொல்லி அண்ணா சிலையருகே வாலாஜா சாலைக்குத் திரும்பினோம்.

இந்தச் சாலையில் ஒரு மணிக்கு நடப்பதற்கு அன்று ஒரு கடவுச்சீட்டு தேவைப்பட்டது. ரோந்து போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்கடா போறீங்க?" என்பார். உடனே சட்டைப் பையிலிருந்து கிழித்த அரை டிக்கெட்டை எடுத்துக் காட்ட வேண்டும். அவர் டார்ச் வெளிச்சத்தில் தேதியையும் ஆட்டத்தையும் பார்ப்பார். சரியாக இருந்தால், படம் எப்படி என்று கேட்டுவிட்டு விடுவார். இல்லாவிட்டால் நிலையத்தின் பெஞ்சில் விடியும் வரை உட்கார வேண்டும். எனவே படம் பார்க்காத இரவுகளிலும் தியேட்டர் வாசலில் கீழே கிடக்கும் அன்றைய அரை டிக்கெட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வோம். சிவகங்கைதான் அதற்குப் பொறுப்பாளன். ஒருமுறை அவன் அவசரத்தில் மகளிர் கியூவில் கொடுத்த டிக்கெட்டைப் பொறுக்கி வந்து, அதை வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் பட்டபாட்டை நினைத்துத் தென்காசி நடுச்சாலையில் நின்று சிரித்தான்.

கலைவாணர் அரங்கத்தைத் தாண்டியதும் ஒரு ரோந்து வண்டி எங்கள் அருகே வேகத்தைக் குறைத்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒன்றுமில்லை, டிக்கெட் தென்காசியின் கைப்பேசியில் இருந்தது, கைப்பேசி சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. ஜன்னலைத் திறந்த இளம் காவலர், "என்னங்கய்யா, வழி தெரியலையா? ஆஸ்பத்திரிக்கா போறீங்க?" என்றார். படம் பார்த்துவிட்டு நடந்து போகிறோம் என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "ஓரமா போங்க, பைக்குல பசங்க வேகமா வருவாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை எங்கள் நடைக்கு இணையாக, நெடுஞ்சாலை முனை வரை மெதுவாகவே ஓட்டிவந்தார். குற்றவாளிகளைக் கொண்டுபோவதுபோல இருக்கிறது என்று தென்காசி முணுமுணுத்தான்.

அந்த நேரத்திலும் ஒரு டீக்கடை திறந்திருந்தது. டீ 15 ரூபாய். சுற்றி நின்றவர்கள் விநியோக இளைஞர்களும், கட்டட வேலை முடித்த வடநாட்டு இளைஞர்களும். நான்கு பேர் ஓர் அறையில் இருப்பதாகவும், தளம் சூடாக இருப்பதால் இரண்டு மணிக்குமேல்தான் போவோம் என்றும் ஒருவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். வாடகை கேட்டேன், தலைக்கு 2,000 என்றார். நடுவில் விசிறி யாருக்கு என்று கேட்க நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மதியம் ரயில். முழங்கால் வீங்கியிருக்கிறது. தென்காசிக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஏ.சி.யின் மீது பழி போடுகிறான்.

புறப்படும் முன் ஒரே ஒரு வேலை மீதமிருந்தது. 1987-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். மேன்ஷனின் குளியலறைகளுக்குக் காலையில் ஆளுக்கு ஒரு வாளிதான். ஆனால் பின்சந்தில் ஓர் அடிபம்பு இருந்தது. பகலில் அதைச் சுற்றிக் குடங்கள் வரிசை கட்டியிருக்கும்; இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆளும் இருக்கமாட்டார். இரண்டாம் ஆட்டம் முடிந்து வந்து, ஒருவன் அடிக்க ஒருவன் குளிக்க, மூன்றாமவன் சோப்புடன் முறைக்குக் காத்திருக்க, தெருவிளக்கின் கீழே வாளி வாளியாகக் குளித்தோம். ஈர உடம்போடு போய்ப் படுத்தால் விசிறி யாருக்கு என்ற சண்டையே வராது.

சந்தைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. பம்பு இருந்தது. பச்சை வண்ணம் பூசி, சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். தென்காசி கைப்பிடியைப் பிடித்து ஏழெட்டு முறை அடித்தான். உள்ளே காற்று மட்டும் இரைந்தது. எதிர்வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் எங்களைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இப்ப வராதுங்கய்யா. ராத்திரி ரெண்டு மணிக்கு விட்டு நாலு மணிக்கு நிறுத்திடுவாங்க. வேணும்னா நைட்டு முழிச்சிருந்து வாங்க" என்றார்.